காவிரியைத் தாண்டப் பாந்தர் கம்பி: வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 600 மீட்டர் வரையிலான ஒற்றைத் தாவலில், அதாவது இரண்டு கோபுரங்களுக்கு நடுவே ஒரே பாய்ச்சலில், ஆற்றைக் கடக்கும் 110 கிலோவோல்ட் லைனுக்கு ஏசிஎஸ்ஆர் (எஃகு இழைகளைச் சுற்றி அலுமினிய இழை முறுக்கிய கம்பி) வகையிலுள்ள பாந்தர் நல்ல கம்பி, தாராளமாக வாங்கலாம். கடப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் கம்பியால் அல்ல. கூட வாங்கும் அதிர்வை அடக்கும் டேம்பர், கம்பியைப் பிடிக்கும் கிளாம்ப், கம்பியின் முனையைக் கட்டும் டெட் எண்ட் போன்ற சில்லறைச் சாமான்களும் கரையில் போடும் அடித்தளமும்தான் காலை வாரிவிடும். சேலம் மாவட்டத்தில் சொந்தச் செலவில் லைன் இழுத்து மின்வாரியத்திடம் ஒப்படைக்கிற ஆலைக்காரர்கள், சோலார்காரர்கள், அவர்களுக்கு வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் ஆகியோரை மனதில் வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறோம்.

கம்பிகளுக்கு விலங்குப் பெயர் வைத்தவன் வெள்ளைக்காரன். டாக் என்றால் நாய், வுல்ஃப் ஓநாய், பாந்தர் சிறுத்தை, சீப்ரா வரிக்குதிரை, மூஸ் ஒரு பெரிய மான். பெயரைப் பார்த்துப் பலத்தை எடைபோட்டால் ஏமாந்துபோவோம். பாந்தரில் 3.00 மி.மீ. அலுமினிய இழை 30, அதே 3.00 மி.மீ. எஃகு இழை 7. மொத்த விட்டம் 21 மி.மீ., எடை கிலோமீட்டருக்கு 974 கிலோ, அறுபடும் பலம் 89.67 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 9,130 கிலோ.

ஆற்றைத் தாண்டும்போது முதலில் பார்க்க வேண்டியது மொத்தப் பலத்தை அல்ல, பலத்தை எடையால் வகுத்த எண்ணை. பாந்தருக்கு அது 9,370. பலத்தில் பாந்தரை எங்கேயோ விட்டுவிடும் சீப்ராவுக்கும் மூஸுக்கும் இந்த எண் சுமார் 8,200தான். டாக் 8,400 பக்கம் நிற்கும். காரணம் எளிது: பாந்தரில் எஃகின் பங்கு அதிகம். வுல்ஃபும் இதே 30/7 குடும்பம் என்பதால் அதற்கும் 9,400 கிடைக்கிறது. இந்த எண் கூடக் கூடத் தொய்வு குறையும். 600 மீட்டர் தாவலில், 32 டிகிரியில், அறுபடும் பலத்தில் 22 சதவீத இழுப்பு வைத்தால் பாந்தரின் தொய்வு 21.8 மீட்டர். அதே சதவீதத்தில் சீப்ரா 25 மீட்டர் தொங்கும். ஆக, 'பெரிய கம்பி போட்டால் பாதுகாப்பு' என்று சீப்ராவுக்குப் போகிறவர் இரண்டு கோபுரத்தையும் 3 மீட்டர் கூடுதலாக உயர்த்த வேண்டியிருக்கும். மின்னோட்டத் தேவை இருந்தால் போகட்டும். பலத்துக்காகப் போக வேண்டாம்.

வெயிலும் மின்சுமையும் சேர்ந்து கம்பியைச் சூடாக்கும்போது நீளும் என்பது தெரிந்த கதை. நீண்ட தாவலில் அந்த நீட்சி பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை. கம்பி 75 டிகிரிக்குப் போகும்போது 300 மீட்டர் தாவலில் தொய்வு 5.5 மீட்டரிலிருந்து 7 மீட்டர் ஆகிறது, கால் பங்குக்கும் மேல் கூடுதல். 600 மீட்டரில் 21.8 மீட்டர் 23.8 ஆகிறது, பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காற்றும் அப்படித்தான். சதுர மீட்டருக்கு 45 கிலோ காற்றழுத்தம் வைத்துப் பார்த்தாலும் 600 மீட்டர் பாந்தரின் இழுப்பு 2.7 டன் அளவில் நின்றுவிடுகிறது. அது அறுபடும் பலத்தில் 30 சதவீதம்கூட இல்லை. அப்படியானால் இன்னும் இறுக்கிக் கட்டி உயரத்தை மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். 25 சதவீத இழுப்பில் தொய்வு 19.2 மீட்டராகக் குறையும் என்பதும் உண்மைதான், விதியும் அதுவரை அனுமதிக்கிறது. ஆனால் இறுக்கம் கூடினால் அதிர்வு கூடும். புயல் காற்றைவிடத் தினமும் வீசும் இளங்காற்றுதான் ஆற்றுக் கம்பிக்கு எமன். அதைக் கீழே பேசுகிறோம்.

பாந்தருக்கு உண்மையான போட்டி சீப்ரா அல்ல, முழுக்க அலுமினியக் கலவையால் ஆன ஏஏஏசி. பாந்தருக்கு ஈடாக விற்கும் 37 இழை 3.15 மி.மீ. கம்பியின் எடை கிலோமீட்டருக்கு 794 கிலோ, பலம் 84.71 கிலோநியூட்டன். மேலே சொன்ன எண் இதற்குக் கிட்டத்தட்ட 10,900. 22 சதவீத இழுப்பில் 600 மீட்டருக்குத் தொய்வு 18.8 மீட்டர், 75 டிகிரியில் 21.5 மீட்டர். பாந்தரைவிட இரண்டு மீட்டருக்கு மேல் லாபம், துருப்பிடிக்க எஃகும் உள்ளே இல்லை. பிறகு ஏன் பாந்தரைச் சொல்கிறோம்? எடை குறைந்த கம்பி காற்றில் அதிகம் ஊசலாடும். காற்று வாங்கும் விட்டத்தை எடையால் வகுத்துப் பார்த்தால் ஏஏஏசி பாந்தரைவிட 28 சதவீதம் கூடுதலாகத் தள்ளப்படுகிறது. மலைகளுக்கு நடுவே காவிரி ஓடும் மேட்டூர்ப் பக்கம் ஆற்றின் போக்கிலேயே காற்று வாரிக்கொண்டு வரும். அங்கே இருபது மீட்டர் தொங்குகிற கம்பி பக்கவாட்டில் ஆடுவதற்கும் சேர்த்துக் குறுக்குக் கையை நீட்ட வேண்டும், லைன் பாதை அகலமும் கூடும். கோபுர உயரத்துக்குத் தடை இருக்கும் இடத்தில் ஏஏஏசி சரி. ஆற்றங்கரையில் இடம் குறுகல் என்றால் பாந்தர்.

பாந்தர் ஒத்துவராத இடமும் உண்டு. தொய்வு தாவலின் வர்க்கத்தில் ஏறும். 800 மீட்டரில் 39 மீட்டர், 1,000 மீட்டரில் 60 மீட்டரைத் தாண்டும். சீனாவின் ஜியாங்யினில் யாங்சி ஆற்றைத் தாண்ட 2,303 மீட்டர் தாவலுக்கு 346.5 மீட்டர் உயரக் கோபுரம் கட்டினார்கள் என்றால் இந்தக் கணக்கின் கோரம் புரியும். நம் காவிரிக்கு அவ்வளவு தேவையில்லை. 700 மீட்டரை நெருங்கும்போதே ஆற்றுக்குள் ஒரு கோபுரமா, விசேஷக் கம்பியா என்று இரண்டுக்கும் செலவுக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதில் முதலாவது, கம்பி சுற்றிவரும் டிரம்மின் நீளம். ஆற்றுத் தாவலில் நடு இணைப்பு கூடாது, அதில் சமரசமே கிடையாது. கரைக்கு ஒரு உயரக் கோபுரம், அதற்குப் பின்னால் இருபுறமும் இழுப்பைத் தாங்கும் குட்டையான ஆங்கர் கோபுரம், இதுதான் வழக்கமான அமைப்பு. பக்கத் தாவல் 250 மீட்டர் வீதம் என்றால் 250, 600, 250 சேர்ந்து 1,100 மீட்டர். கடையில் வழக்கமாகத் தரும் டிரம்மும் 1,100 மீட்டர்தான். கச்சிதமாகப் பொருந்துவதுபோல் தோன்றும், பொருந்தாது. தொய்வுக்கு மட்டும் 600 மீட்டரில் 2.1 மீட்டர் கூடுதல் வேண்டும், இழுக்கும் முனைகளில் வெட்டிப்போடும் வால் தனி. 1,200 மீட்டர் என்று ஆர்டரிலேயே எழுதி, ஒரே நீளமாகக் கேளுங்கள்.

இரண்டாவது எடை. வந்த டிரம்மை எடைமேடையில் ஏற்றி, காலி டிரம் எடையைக் கழியுங்கள். 1,200 மீட்டருக்கு 1,169 கிலோ வர வேண்டும். முப்பது நாற்பது கிலோ குறைந்தால் நீளம் குறைவு, இல்லையேல் இழை மெலிவு. மைக்ரோமீட்டரை எடுத்து இழையை அளந்தால் எது என்று தெரிந்துவிடும். அலுமினிய இழை 2.97 முதல் 3.03 மி.மீ.க்குள்ளும், எஃகு இழை 2.94 முதல் 3.06க்குள்ளும் இருக்க வேண்டும். இந்தியத் தர விதியான ஐஎஸ் 398 இரண்டாம் பாகம் கொடுக்கும் வரம்பு இது. ஒரு இழையை மட்டும் அளந்து திருப்திப்படாதீர்கள், ஒவ்வொரு அடுக்கிலும் இரண்டு மூன்று இழை பாருங்கள்.

இனி டேம்பர். இரண்டு முனையிலும் எடைக்கட்டி தொங்கும், பார்க்க உடற்பயிற்சி டம்பெல் மாதிரி இருக்கும் அந்தச் சாமான்தான். 1920களில் அமெரிக்கப் பொறியாளர் ஸ்டாக்பிரிட்ஜ் கண்டுபிடித்தது, நூறாண்டு ஆகியும் அடிப்படை மாறவில்லை. கம்பி மீது விநாடிக்கு 1 முதல் 7 மீட்டர் வேகத்தில் சீராகக் காற்று போகும்போது கம்பியின் பின்னால் சுழல்கள் மாறி மாறி உதிர்ந்து அதை மேலும் கீழுமாக ஆட்டும். 3 மீட்டர் வேகத்தில் பாந்தருக்கு அது விநாடிக்கு 26 ஆட்டம். கண்ணுக்கே தெரியாது, கையை வைத்தால் விறுவிறுவென்று தெரியும். தரையில் மரமும் வீடும் காற்றைக் கலைத்துவிடுவதால் இது அவ்வளவாக இல்லை. நீர்ப்பரப்பின் மேல் காற்று வழவழவென்று வரும், அதிர்வு மணிக்கணக்கில் விடாது. கிளாம்ப் வாயில் இழைகள் ஒவ்வொன்றாகக் களைத்து அறுபடும், அதுவும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உள்ளடுக்கில்.

டேம்பரை எங்கே மாட்டுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அதிர்வில் கம்பி பிடித்துவைத்ததுபோல் அசையாமல் நிற்கும் புள்ளிகள் உண்டு. அங்கே மாட்டினால் டேம்பர் சும்மா தொங்கும் பாரம்தான். 7 மீட்டர் வேகக் காற்றில் பாந்தரின் ஒரு அதிர்வு வளைவின் நீளம் சுமார் 1.15 மீட்டர், 3 மீட்டர் வேகத்தில் 2.7 மீட்டர். ஆகவே கிளாம்பிலிருந்து 0.8 முதல் 0.9 மீட்டருக்குள் முதல் டேம்பர் விழ வேண்டும், எல்லா வேகத்திலும் அது அசையும் இடம் அதுதான். 600 மீட்டர் தாவலுக்கு ஒரு முனையில் ஒன்று போதாது, குறைந்தது இரண்டு. சரியான இடமும் எண்ணிக்கையும் உற்பத்தியாளர் தரும் அதிர்வு ஆய்வு அறிக்கையில் இருக்க வேண்டும். அந்த அறிக்கையை உங்கள் தாவலுக்கும் உங்கள் இழுப்புக்கும் போட்டுத் தரச் சொல்லுங்கள். 300 மீட்டருக்குப் போட்ட பொது அட்டவணையை நீட்டினால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று. டேம்பரை நடுவிலுள்ள கிளாம்பைப் பிடித்துத் தூக்குங்கள். இருபக்க எடையும் மட்டமாக நிற்க வேண்டும். எடை கீழே தொங்கினால், இடையில் இருக்கும் எஃகு வடம் தரம் குறைந்தது, நாளடைவில் இன்னும் தொங்கும். வடத்தின் வெட்டுமுனையைப் பார்க்க முடிந்தால் இழைகளை எண்ணுங்கள். 19 இழை வடம் நல்லது, 7 இழை வடம் விறைப்பாக இருக்குமே தவிர அதிர்வை விழுங்காது. எடைக்கட்டியின் அடியில் நீர் வடியும் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். பில்லில் ஐஎஸ் 9708 என்று எழுதியிருப்பதைவிட இந்த இரண்டு நிமிடச் சோதனையை நாங்கள் அதிகம் நம்புவோம்.

உயரக் கோபுரத்தில் கம்பியைத் தொங்கவிட்டுப் பிடிக்கும் சஸ்பென்ஷன் கிளாம்பில் ஒரு சூட்சுமம். ஆற்றுப் பக்கம் கம்பி கிளாம்பைவிட்டு 8 டிகிரிக்கு மேல் சரிந்து இறங்குகிறது. பின்பக்கம் ஆங்கர் கோபுரம் 30 மீட்டர் தாழ்வாக இருந்தால் அங்கே 10 டிகிரி. ஆக மொத்தம் 18 டிகிரிக்கு மேல் கம்பி மடிகிறது. சாதாரண லைனுக்கு வரும் கிளாம்பின் வாய் இவ்வளவு சரிவுக்கு வார்த்ததல்ல, விளிம்பு கம்பியை வெட்டும். நியோப்ரீன் மெத்தையும் முறுக்குக் கம்பிகளும் சேர்ந்த ஏஜிஎஸ் வகையைக் கேளுங்கள், விலை கூடத்தான். மட்டமான சரக்கில் முறுக்குக் கம்பியின் முனை உருட்டப்படாமல் கூராக இருக்கும், விரலால் தடவினாலே தெரியும். இன்சுலேட்டர் சரம் இரட்டையாகவே இருக்கட்டும். ஒரு சரம் உடைந்தாலும் கம்பி ஆற்றில் விழக் கூடாது.

டெட் எண்ட் அமுக்கும் வேலையில் ஏற்படும் தவறு பொருளின் தவறல்ல, ஆனாலும் பழி கம்பி மீது விழும். அலுமினிய அடுக்கை ரம்பத்தால் அறுக்கும்போது கடைசி அடுக்கைப் பாதிவரை மட்டும் அறுத்து வளைத்து ஒடிக்க வேண்டும். முழுக்க அறுத்தால் பல் எஃகில் கீறும், அந்தக் கீறலில்தான் பிறகு அறுபடும். முதலில் எஃகு ஸ்லீவ், பிறகு பசை நிரப்பி அலுமினிய ஸ்லீவ். அமுக்கியபின் அறுகோணத்தின் எதிர்ப்பக்க அளவை வெர்னியரால் பாருங்கள். வரைபடத்தில் உள்ளதைவிடப் பெரிதாக இருந்தால் டை தேய்ந்திருக்கிறது. மாதிரி இணைப்பு ஒன்றை இழுவைச் சோதனைக்கு அனுப்பினால் 85 கிலோநியூட்டன் வரை வழுக்காமல் நிற்க வேண்டும், அதாவது கம்பியின் பலத்தில் 95 சதவீதம்.

உயரக் கணக்கு. படகு போகாத ஆறு என்றால் ஐஎஸ் 5613 இந்த வோல்டேஜ் வகைக்கு அதிகபட்ச வெள்ள மட்டத்துக்கு மேல் 4.3 மீட்டர் கேட்கிறது. நீருக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் ஏதாவது போகும் என்ற அனுமானத்தில் போட்ட எண் அது. பூலாம்பட்டி மாதிரி நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு ஓடும் இடத்திலோ, பரிசல்காரர் நீளமான கோலோடு நிற்கும் இடத்திலோ இதை நம்பக் கூடாது. தரைக்கு வைக்கும் 6.1 மீட்டரையாவது வையுங்கள், முறைப்படி படகுத்துறைக்காரர்களையும் கேளுங்கள். 6.1 மீட்டரோடு 23.8 மீட்டர் தொய்வு, பிழைக்கு 15 செ.மீ. சேர்த்தால் கம்பி பிடிக்கும் இடமே வெள்ள மட்டத்துக்கு மேல் 30 மீட்டர். மேலே இன்னும் இரண்டு குறுக்குக் கை, எர்த் வயர் என்று போனால் கோபுரம் 45 மீட்டரை எளிதாகத் தொடும். அதற்கு மேல் சிவப்பு வெள்ளைப் பட்டை, விளக்கு, எர்த் வயரில் 600 மி.மீ. உருண்டை எல்லாம் சேரும். ஓமலூர் பக்கம் காமலாபுரம் விமான நிலையம் இருப்பதால் அனுமதியை முன்கூட்டியே கேளுங்கள்.

வெள்ள மட்டத்தை ஊரில் விசாரித்து எழுதிக்கொள்ளாதீர்கள், நீர்வளத் துறையிடம் எழுத்தில் வாங்குங்கள். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை என்று கதவணைகள் வரிசையாக இருப்பதால் ஒவ்வொரு தேக்கத்துக்கும் மட்டம் வேறு. வேலைக்காலக் கணக்கும் இங்கேதான் தப்புகிறது. ஜனவரி 28ல் அணையை மூடி ஜூன் 12ல் திறப்பது வழக்கம், அந்த இடைவெளியில் ஆறு வற்றும் என்று திட்டம் போடுகிறார்கள். கதவணைத் தேக்கத்தில் தண்ணீர் நின்றுகொண்டேதான் இருக்கும்.

அடித்தளத்துக்கு ஒரு கணக்கு மட்டும். 2 லட்சம் கன அடி, அதாவது விநாடிக்கு 5,660 கன மீட்டர், 700 மீட்டர் அகலத்தில் போகிறது என்று வையுங்கள். சராசரி 0.6 மி.மீ. மணலுக்கு லேசி சூத்திரப்படி அரிப்பு ஆழம் வெள்ள மட்டத்திலிருந்து 4.87 மீட்டர். நீருக்குத் தடுப்பாக நிற்கும் அடித்தளத்தைச் சுற்றி அதை இரட்டிப்பாக எடுக்க வேண்டும், 9.7 மீட்டர். அதற்குக் கீழேதான் கிணறோ பைலோ பிடிமானம் தேடத் தொடங்கும். வெள்ளமில்லாத நாளில் போய், கரையில் கெட்டி மண் தெரிகிறதே என்று சாதாரண அடித்தளம் போடுவது சூதாட்டம். 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் மேட்டூரிலிருந்து லட்சம் கன அடிக்கு மேல் இறங்கியபோது திருச்சி கொள்ளிடத்தில் உயரழுத்தக் கோபுரம் சரிந்ததற்கு அடியில் நடந்த மண்ணரிப்புதான் காரணம்.

இதே கம்பியை ஏற்காட்டுச் சரிவில் பள்ளம் தாண்டவும் பயன்படுத்துகிறார்கள். அங்கே பிரச்சினை தலைகீழ். குளிரில் கம்பி சுருங்கும்போது தாழ்வான இடத்துக் கோபுரத்தில் சரத்தை மேலே தூக்கிவிடும். சேலம் சமவெளிக்கு வைத்த குறைந்தபட்ச வெப்பநிலையை மலைக்கு வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சேர்வராயன் மலையின் கருங்கல்லில் எர்த்திங் 10 ஓமுக்குக் கீழே வர மறுக்கும் என்பதால் மண்ணில் நீளவாக்கில் புதைக்கும் கவுண்டர்பாய்ஸ் கம்பியையும் ஆர்டரில் சேர்த்துவிடுங்கள்.

ஆற்றில் இழுக்கும்போது கம்பி தண்ணீரையோ மணலையோ தொடக் கூடாது. முன்பு பரிசலில் கயிறு கொண்டுபோனார்கள், இப்போது ட்ரோனில் மெல்லிய நைலான் கயிறு போகிறது, அதைப் பிடித்துத் தடித்த கயிறு, பிறகு எஃகு வடம், கடைசியில் கம்பி. இழுக்கும் பக்கம் வின்ச் மட்டும் இருந்தால் போதாது, விடும் பக்கம் கம்பியைத் தொய்யவிடாமல் பிடித்துப் பிடித்து விடும் டென்ஷனர் வேண்டும். டென்ஷனர் இல்லாமல் மணலில் இழுபட்ட கம்பியின் இழைகளுக்குள் மணல் புகுந்தால் வெளியே எடுக்க வழியே இல்லை. ரோலரில் மூன்று நாளுக்கு மேல் கம்பியை விடாதீர்கள்.

தொய்வைச் சரிபார்க்க விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டாலும் ஸ்டாப்வாட்ச் போதும். கிளாம்ப் பக்கத்தில் கம்பியைக் கயிற்றால் ஒரு இழுப்பு இழுத்து விடுங்கள். அந்தத் துடிப்பு எதிர்க்கரை போய்த் திரும்பிவந்து கையைத் தட்டும். மூன்று முறை திரும்பும் நேரத்தை எடுத்து மூன்றால் வகுத்து, அதன் வர்க்கத்தை 0.3066ஆல் பெருக்கினால் தொய்வு மீட்டரில் கிடைக்கும். 21.8 மீட்டருக்கு மூன்று திரும்பலும் சேர்ந்து 25.3 விநாடி. கால் விநாடி பிசகினால் 43 செ.மீ. பிழை என்பதால் ஐந்தாறு தடவை எடுத்துச் சராசரி பாருங்கள்.

லைன் ஓடத் தொடங்கி முதல் ஆடிக்காற்று முடிந்ததும் தொலைநோக்கியோடு கரைக்குப் போய் டேம்பர்களை எண்ணுங்கள். எடைக்கட்டி தொங்குகிறதா, கிளாம்ப் தளர்ந்து டேம்பர் நடு ஆற்றை நோக்கி வழுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். வழுக்கியிருந்தால் இழுத்துவந்து பழைய இடத்தில் முடுக்கிவிட்டு இறங்கிவிட வேண்டாம். அது முதலில் இருந்த இடத்தையும் கிளாம்ப் வாயையும் துடைத்து, வெளியடுக்கில் அறுந்த இழை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.